வீட்டுக்காரர் கையெழுத்து

"தமிழ்ப் பையனுக்குத்தான் ரூம் தருவேன்" என்று நான் வேலைக்கு வந்த வடக்கத்தி ஊரில், கோர்படிப் பகுதி வீட்டுக்கார அங்கிள் சொன்னபோது எனக்குச் செம குஷி. தங்கியிருந்த பி.ஜி. விடுதியை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். அங்கிளுக்குப் பூர்வீகம் வேலூர்ப் பக்கம். ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.

"எந்த ஊருப்பா?"

"திருவண்ணாமலைப் பக்கம் அங்கிள்."

பொய்யில்லை. நான் பிறந்து வளர்ந்த அகதி முகாம் அங்கேதான் இருக்கிறது. முகாமை விட்டு வெளியே வந்ததும் வீட்டுப் பேச்சைக் கழற்றிவிட்டு ஊர்ப் பேச்சை மாட்டிக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் பழக்கம்.

ஆன்ட்டி சாய் கொடுத்தார். அங்கிள் போனில் ஈழப் போர் வீடியோ ஒன்றை ஓடவிட்டார்.

"நம்ம இனத்த எப்புடி கொன்னுருக்கானுங்க பாரு தம்பி!"

அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. நான் சாயை ஊதிக்கொண்டிருந்தேன்.

குடிவருகிறவர் ஃபாரம் நிரப்பி, வீட்டுக்காரர் கையெழுத்தோடு போலீஸ் சௌக்கியில் கொடுக்க வேண்டும். 'எந்த நாட்டவர்' என்று ஒரு கட்டம். என்னோடு படித்தவன் எவனாக இருந்தாலும் யோசிக்காமல் இந்தியா என்று எழுதியிருப்பான். நான் முகாமில் மாதாமாதம் வரிசையில் நின்று பெயர் கொடுத்து வளர்ந்தவன். அரசாங்கத் தாளில் ஒரு வார்த்தை மாறினால் குடும்பத்துக்கே வம்பு. இலங்கை என்று எழுதினேன். அந்த நாட்டை நான் பார்த்ததே இல்லை.

கையெழுத்து வாங்குமுன் ஃபாரத்தைச் சௌக்கியில் காட்டி, சரியா என்று கேட்டேன். போலீஸ்காரர் அகதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்கயே பொறந்துட்டு எப்படி ஸ்ரீலங்கா?" என்றார் இந்தியில்.

"எனக்கும் தெரியல சார்."

சிரித்துவிட்டார். ஓனர் கையெழுத்தோடு வந்தால் போதுமாம்.

அங்கிள் ஃபாரத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அரே, நீ அகதியா? சொல்லவேயில்ல?"

"நீங்க ஊரத்தான அங்கிள் கேட்டீங்க."

"தப்பா நெனச்சிக்காத. எம்பையன் டிஃபென்ஸ்ல இருக்கான். நாளைக்கி எதாச்சும் லஃப்டா ஆச்சின்னா?"

"நம்ம இனம்னு சொன்னீங்களே?"

"வாயப் பாரு இவனுக்கு!" என்றார் ஆன்ட்டி உள்ளேயிருந்து.

அங்கிள் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடி ஃபாரத்தின் மேல் வைத்து என் பக்கம் தள்ளினார். கேட் வரை போனவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, நம்ம தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுல ஈழத்தப் பத்தி ஒரு ப்ரோக்ராம் வெச்சிருக்கோம். ரெண்டு வார்த்த வந்து பேசேன். ஜனங்க அழுதுடுவாங்க."

கிண்டல் இல்லை, மனதாரத்தான் கேட்டார். அதுதான் எரிந்தது.

"வரல அங்கிள்."

"ஏம்ப்பா, லீவு கெடைக்காதா?"

ஞாயிற்றுக்கிழமை ஏரவாடாப் பகுதியில் ஆறு பேர் படுக்கும் அறைக்கு ஏழாவது ஆளாகப் போனேன்.