மடித்தே வரும் துண்டுகள்

அந்த ஓட்டலின் அடித்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்துக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவே சலவைக்கூடம் இருந்தது. அதன் பொறுப்பு ஒரு பெண்ணிடம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளை அங்கே எல்லோரும் 'டீச்சர்' என்றார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் துண்டு மடிக்கும் சார்.

சார் என்பதும் பட்டம்தான். முப்பது வயதைத் தாண்டியவர். எதையும் மெதுவாகத்தான் புரிந்துகொள்வார். சிறப்புப் பள்ளியில் வேலை சொல்லித் தந்தவர்களை டீச்சர் என்று கூப்பிட்டுப் பழகியிருந்ததால், இங்கே வேலை சொன்னவளும் டீச்சர் ஆகிவிட்டாள். முதல் நாள் அவர் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். இஸ்திரி போடுகிற பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "சார் வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிங்க" என்றார். கிண்டலாக ஆரம்பித்தது பெயராகவே நின்றுவிட்டது. வாங்க, போங்க என்ற மரியாதையும் கூடவே ஒட்டிக்கொண்டது.

அவரை எடுத்துக்கொள்ள டீச்சருக்கு முதலில் இஷ்டமில்லை. இருக்கிற ஆட்களைக் கட்டி மேய்ப்பதே பெரும்பாடு, இதில் இது வேறா என்று முணுமுணுத்தாள். டிரையர் ஓடி முடிந்து மணி அடித்தால் சார் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிடுவார். துண்டுகள் கோணல் மாணலாக மடிந்திருக்கும். இரண்டு தடவை திட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை வாயைத் திறக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தாள், திட்டு வரவில்லை.

அன்றைக்கு அவருடைய மேசையை டிரையர் சத்தம் எட்டாத மூலைக்கு இழுத்துப் போட்டாள். மேசைமேல் சிவப்பு டேப் ஒட்டி, துண்டின் ஓரம் இங்கே வந்து நிற்க வேண்டும் என்று காட்டினாள். எண்ணிக்கை அவருக்குக் கைவராது. அதனால் சுவரில் ஒரு கோடு போட்டாள். அடுக்கு அந்தக் கோட்டைத் தொட்டால் ஒரு கட்டு முடிந்தது. அவ்வளவுதான் அவள் செய்தது. அதன் பிறகு அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "இன்னும் கோடு வரல டீச்சர்" என்பார்.

"பாருங்க, நமக்கெல்லாம் சோறு கண்ணுல பட்டா போதும், கை நின்னுடும்" என்று பெரியவர் சிரிப்பார். சாரும் சிரிப்பார், எதற்கென்று தெரியாமலே.

இப்படியே வருடங்கள் ஓடின. பிறகு ஓட்டல் கை மாறியது. புது நிர்வாகம் சலவையை வெளி ஆட்களிடம் ஒப்பந்தத்துக்கு விட்டது. அழுக்குத் துணி காலையில் வேனில் போகும், மாலையில் துவைத்து, மடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுத் திரும்பி வரும். இயந்திரங்களைக் கழற்றி எடுத்துப் போனார்கள். டீச்சரை மாடி அறைகளின் மேற்பார்வைக்கு மாற்றினார்கள். பெரியவர் கணக்கு முடித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

சாருக்காகச் சண்டை போடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் டீச்சர் மேனேஜர் அறைக்குப் போனாள். சண்டைக்கு இடமே இல்லாமல் போயிற்று.

"அவரை எப்படிம்மா அனுப்புவோம்? தலைமை அலுவலகத்துல அவரைப் பத்தி அவ்வளவு பெருமையாப் பேசுறாங்க. முன்னால வரவேற்புல உக்கார வைக்கப்போறோம்" என்றார் மேனேஜர். நல்ல மனிதர், சிரித்துப் பேசுகிறவர். டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சாருக்குக் கோட்டு தைத்துக் கொடுத்தார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. வருகிறவர்களைப் பார்த்து "வணக்கம், வாங்க" என்று சொல்ல வேண்டும். வேறு வேலை எதுவும் கிடையாது. அவரை நடுவில் நிறுத்தி, எல்லோரும் சிரித்துக்கொண்டு எடுத்த படம் பெரிதாகி, வரவேற்பறைச் சுவரில் ஏறியது.

லிஃப்டு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மணி அடிக்கும். சாரின் கைகள் காதுக்குப் போகும். விருந்தினர் முன்னால் அப்படிச் செய்யக் கூடாது என்று பக்குவமாகத்தான் சொன்னார்கள். அவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்காரப் பழகினார்.

டீச்சர் மறுபடியும் மேனேஜரிடம் போனாள். "சத்தம் அவருக்கு ஆகாது சார். உள்ள எங்கயாவது மடிக்கிற வேலை குடுங்க."

"மடிக்க என்னம்மா இருக்கு? எல்லாம் மடிச்சேதான வருது." அவர் கேட்டதில் தப்பில்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வரவேற்பில் கூட்டமில்லாத மத்தியான வேளையில் சாரை இரண்டாம் மாடிச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனாள். ஒரு கூடை நிறையத் துண்டுகள் குவிந்து கிடந்தன. சார் கோட்டைக் கழற்றி மாட்டினார். அலமாரிப் பலகையில் டேப் இல்லை, சுவரில் கோடும் இல்லை, ஆனாலும் கை மறக்கவில்லை. மடித்துக்கொண்டே ஏதோ பாட்டை முனகினார். அவர் முனகிக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. டீச்சர் வாசலில் நின்று கேட்டாள்.

சில நாள் இது நடந்தது. ஒருநாள் அவள் வந்து கூப்பிடுவதற்கு முன்பே சார் தானாகவே மாடிக்கு வந்துவிட்டார். கதவு திறந்திருந்தது. உள்ளே டீச்சர் உறையைப் பிரித்து, மடித்த துண்டுகளை ஒவ்வொன்றாக உதறிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் டீச்சர் கலைக்கிறீங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சரியா மடிக்கல சார் அவங்க. நீங்க மடிச்சாத்தான்..."

சார் கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். பிரிக்காத கட்டைப் பார்த்தார். எண்ணத் தெரியாதவர்தான். ஆனால் மடித்ததும் கலைத்ததும் அவருக்குத் தெரியும். துண்டைத் திரும்பக் கூடையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். மறுநாள் கூப்பிட்டபோது தலையை ஆட்டினார். "வேண்டாம் டீச்சர்."

டீச்சர் அவர் தங்கியிருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை வீடு, கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம். அக்கா விஷயத்தைக் கடைசி வரை கேட்டாள்.

"நீங்க சொல்றது புரியுதுங்க. அவன் இப்ப வீட்டுக்கு வந்தாலும் பேசறதில்ல. ஆனா நிறுத்திட்டு என்ன செய்ய? நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போயிட்டா இங்க உள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தான் போகணும். அங்கயாவது நாலு மனுஷங்க மூஞ்சியப் பாக்கறான்."

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

விடுமுறை நாளில் சாரைக் கூட்டிக்கொண்டு ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போனாள். அங்கே மலை மலையாகத் துணி கிடந்தது. அதைப் பார்த்ததும் சாரின் முகம் மாறியதை அவள் கவனித்தாள். பொறுப்பாளர் அவளைத் தனியே அழைத்தார்.

"பாத்தா நல்ல மாதிரியாத்தான் தெரியுது. ஆனா கூடவே நின்னு பாத்துக்க எங்கிட்ட ஆள் இல்லீங்களே."

"கூட நிக்கவே வேண்டாங்க. ஓரமா ஒரு மேசை, அதுல ஒரு டேப்பு. நானே வந்து ஒட்டித் தர்றேன்."

"சரி, சொல்லி அனுப்பறேன்."

சொல்லி அனுப்பவில்லை. அவளே போன் செய்தாள். இரண்டு தடவை எடுத்தார்கள், பிறகு எடுப்பதில்லை. ஒரு விடுதியில் கேட்டாள், ஒரு சாயப்பட்டறையில் கேட்டாள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். யாரையும் பிடித்து உலுக்க முடியாத மரியாதை அது. வீட்டில் கணவர், "உன்னால ஆனதச் செஞ்சாச்சு, விடு" என்றார். ஆனது என்று எதுவும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

சார் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார். டீச்சர் பின்பக்கப் படியில் ஏறினால் வரவேற்பைப் பார்க்காமலே மாடிக்குப் போய்விடலாம். ஆனாலும் முன்பக்கமாகத்தான் வருகிறாள், நாற்காலிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறாள். பேச்சு அதிகம் இருக்காது. ஒருநாள் அவராகவே கேட்டார்.

"அந்தத் துணி நிறையக் கெடந்த எடத்துக்கு எப்ப போறோம் டீச்சர்?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் சார்."

அவர் தலையாட்டினார். லிஃப்டு மணி அடித்தது. உள்ளேயிருந்து பெட்டிகளோடு ஒரு குடும்பம் இறங்கியது. சார் தரையைப் பார்த்தபடியே "வணக்கம், வாங்க" என்றார், வெளியே போகிறவர்களிடம். அவர்கள் சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள். மேலே அறை தயாராகவில்லை என்று டீச்சரை யாரோ கூப்பிட்டார்கள். அவள் போனாள்.