இடுக்கில் ஒன்பது அங்குலம்

கைப்பிடியை இரண்டு கைகளாலும் அழுத்திச் சுற்றிக்கொண்டிருக்கிறாள் தபீசா. துளைப்பான் கடற்பனிக்குள் இறங்க இறங்க, வெள்ளைத் தூள் அவள் பூட்ஸைச் சுற்றிக் குவிகிறது. எங்கள் வடதுருவக் கரையில் அவளுடைய தண்ணீர் லாரி இயந்திரம் ஓடியபடியே நிற்கிறது. அணைத்தால் குழாய் உறைந்துவிடும். கீழிருந்து கடல்நீர் குபுக்கென்று மேலேறியதும் அளவுகோலை விட்டுப் பார்க்கிறாள். கையுறையைக் கழற்றிப் புறங்கையில் பேனாவால் எண்ணை எழுதிக்கொள்கிறாள். பிறகு குனிந்து, நல்ல நாயின் முதுகைத் தட்டுவதுபோலப் பனியை இரண்டு தட்டுத் தட்டுகிறாள்.

"என்னைத் தாங்குச்சில்ல. ஒரு நன்றி சொல்லிட்டுத்தான் போகணும்" என்பாள். தாங்குவது லேசான காரியமில்லை. தபீசா கனமான பெண்.

இந்த வேலையை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் மீன் பிடிக்கத்தான் துளைப்பான் வாங்கினாள். "மீன் ஒண்ணும் வரல. சரி, எத்தனை அங்குலம்னாவது பார்ப்போம்னு பார்த்தேன். அப்படியே பழகிப்போச்சு."

நாற்பத்தேழு வயது. ஏரியிலிருந்து நீர் ஏற்றி வந்து ஊரின் நூற்றுச் சொச்சம் வீடுகளின் தொட்டிகளை நிரப்புவது பிழைப்பு. தொட்டி நிரம்ப எடுக்கும் நேரத்தை வைத்தே எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், எந்த வீட்டில் கணவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று சொல்லிவிடுவாள். எங்களைப் பற்றி என்ன தெரியும் என்று நான் ஒருமுறை கேட்டேன். "உன் பொண்டாட்டி தினமும் குளிக்கிறா. நீ குளிக்கிறதில்ல" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு ஊர் வானொலி. வானொலி என்பது ஓர் அறை, ஓர் ஒலிவாங்கி, ஒரு தொலைபேசி, நான். தபீசா வந்து உட்கார்ந்து புறங்கையைப் பார்த்து வாசிப்பாள். "கரையோரம் ஐம்பது. நடு வளைகுடா முப்பத்தெட்டு." அவ்வளவுதான். அவள் முடிப்பதற்கும் தொலைபேசி அடிப்பதற்கும் சரியாக இருக்கும்.

மறுமுனையில் மோசெசி. அறுபத்துநாலு வயது, ஊரின் முதல்தர வேட்டைக்காரர். காலஞ்சென்ற அவருடைய தாயின் பெயரைத்தான் தபீசாவுக்கு வைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் பெயரோடு உறவும் வந்துவிடும். அதனால் தன்னைவிடப் பதினேழு வயது இளையவளை அவர் அம்மா என்று அழைப்பார். அந்த அம்மாவோடு ஊர் கேட்கச் சண்டையும் போடுவார்.

"அம்மா, எங்கப்பா காலத்துலயும் பனி மெலிஞ்ச வருஷம் உண்டு. போகும், வரும்."

"இருக்கலாம் மகனே. இந்த ஒன்பது வருஷமா போறதைத்தான் பார்க்கறேன். வர்றதைக் காணோம்."

"நீயே இப்படிச் சொல்லிக்கிட்டிருந்தா தெற்கே அரசாங்கத்துல உட்கார்ந்திருக்கறவனுக்குக் கொண்டாட்டம். பனி குறையுது, கரடி சாகுது, வேட்டையை நிறுத்துன்னு காகிதம் அனுப்புவான். முன்னே சீல் தோலை விற்கக் கூடாதுன்னு தடை போட்டப்போ நாம பட்ட பாடு மறந்துபோச்சா?"

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர்கள் துருவப் பனியின் படத்தைக் காட்டிக் கத்திக்கொள்வார்கள். ஒருவர் எல்லாம் முடிந்தது என்பார். இன்னொருவர் எல்லாம் பொய் என்பார். பனியில் கால் வைத்தவர் அந்த இருவரில் யாருமில்லை. அந்தச் சண்டை எங்கள் ஊரிலும் புகுந்து, தேநீர் குடிக்கும் இடத்திலெல்லாம் இரண்டு கட்சி ஆயிற்று. நான் மோசெசி கட்சி.

சென்ற மே மாதம் மீன்பிடிப் போட்டி வந்தது. போட்டி நடக்கும் ஏரிக்குக் கடலிடுக்கு வழியாகப் பனிவண்டியில் போனால் இரண்டு மணி நேரம். மலையைச் சுற்றினால் ஐந்து. ஊர்க் கூட்டத்தில் தபீசா எழுந்து புறங்கையைப் பார்த்தாள். "இடுக்கு வாயில ஒன்பது அங்குலம். உள்ளே போக எனக்கே பயமா இருந்துச்சு. மேல பனித்தூள் மூடியிருக்கு, பார்த்தா தெரியாது. அடியில நீரோட்டம் தின்னுக்கிட்டிருக்கு."

"ஐம்பது வருஷமா அந்த வழியிலதான் போறேன். உன் குச்சி பிறக்கறதுக்கு முன்னாடியே" என்றார் மோசெசி. கூட்டம் சிரித்தது. கை தூக்கச் சொன்னார்கள். இடுக்கு வழி ஜெயித்தது. நானும் கை தூக்கினேன்.

மறுநாள் காலை கரைக்குப் போனால், பனிக்கு இறங்கும் சரிவை அடைத்துக்கொண்டு குறுக்கே நிற்கிறது தண்ணீர் லாரி. உள்ளே தபீசா தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். "வண்டி கிளம்ப மாட்டேங்குது" என்றாள். இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

பலர் முணுமுணுத்தபடி மலைப் பக்கம் திரும்பினார்கள். மோசெசி மட்டும் பாறைகளுக்கு இடையே வண்டியை இறக்கினார். வீம்புக்கு நானும் பின்னால் இறக்கினேன். என் பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் மனைவி ஊலாயு, ஆறு மாதக் கர்ப்பிணி. திரும்பிப் பார்த்தால் தபீசா கயிற்றுச் சுருளோடு ஓடி வந்து ஊலாயுவின் பக்கத்தில் ஏறி உட்காருகிறாள்.

"அக்கா, எங்க வர்றீங்க?"

"நீ எங்க போறியோ அங்க."

இடுக்கு வாய் நெருங்கியதும் சறுக்குவண்டியிலிருந்து தபீசா ஓங்கிக் கத்தினாள். "நிறுத்து. இவ இங்கயே இருக்கட்டும்." எரிச்சலோடு நிறுத்தினேன். நாற்பது அடி முன்னால் போய்க்கொண்டிருந்த மோசெசியின் வண்டி சத்தமில்லாமல் மூக்கைத் தாழ்த்தியது. அடுத்த கணம் வண்டி இல்லை. கறுப்புத் தண்ணீரில் தலையும், வேட்டை ஈட்டியைப் பற்றிய கைகளும் மட்டும்.

தபீசா குப்புறப் படுத்துத் தவழ்ந்தாள். நான் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டேன். "ஈட்டியைக் குறுக்கே போடு மகனே. அதுமேல சாய். காலை உதை, நீந்தற மாதிரி உதை." குரல் வானொலியில் எண் வாசிக்கும் அதே குரல். இரண்டாவது வீச்சில் கயிறு அவர் கைக்குப் போயிற்று.

இழுத்துப் போட்டதும் தன் மேலங்கியைக் கழற்றி அவருக்குப் போர்த்தினாள். ஊலாயு தேநீர் ஊற்றினாள். பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டே மோசெசி, "வண்டிக்கு இன்னும் ரெண்டு தவணை பாக்கி இருக்கு அம்மா" என்றார். தபீசா அவர் கன்னத்தைத் தேய்த்துவிட்டபடியே இருந்தாள். "நான் சொன்னேன், கேட்டியா" என்று அன்றும் சொல்லவில்லை, அதன் பிறகும் சொல்லவில்லை.

அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல எண்களை வாசித்தாள். விழுந்தவர் பெயரைச் சொல்லவில்லை. தொலைபேசி அடித்தது.

"இடுக்குல ஒன்பதுன்னு சொன்னியே அம்மா. நான் விழுந்த இடத்துல அதுகூட இல்ல. நாலுதான் இருக்கும்." கொஞ்சம் இருமினார். "ஆனா கரடி விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்."

"கரடியை நான் அளக்கல மகனே."

ஒலிவாங்கியை என் பக்கம் இழுத்து, ஊர் கேட்க நன்றி சொன்னேன், ஊலாயுவுக்காகவும் வயிற்றிலிருந்த பிள்ளைக்காகவும். நான் முடிப்பதற்குள் தபீசா எழுந்துவிட்டாள். "எட்டாம் நம்பர் வீட்டுல தொட்டி காலி" என்று கதவைத் திறந்துகொண்டு போனாள்.

ஆகஸ்டில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் ஊலாயு லாரிச் சத்தத்துக்குக் காது கொடுப்பாள்.

பனி இந்த வருஷமும் தாமதமாகத்தான் கட்டியது. அது எதனால் என்று தபீசாவும் மோசெசியும் இன்னும் வானொலியில் மோதிக்கொள்கிறார்கள். நேற்று மதியம் நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தேன். வண்டியில்லாத மோசெசி, தோளில் துப்பாக்கியோடு, கரைச் சாலையில் பனிவிளிம்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அரை மணிக்கு முன்புதான் அவளோடு பலமாகச் சண்டை போட்டிருந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி அவரருகே வேகம் தணிந்து நின்றது. தபீசா இருக்கையின் குறுக்கே உடம்பைச் சாய்த்து, கையை நீட்டி, அந்தப் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தாள்.