ஈஸ்வரியின் பிரஷ்கள்

ஈஸ்வரி அக்கா தன் மேக்கப் பிரஷ்களை யாரையும் தொடவிடமாட்டாள். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரே களத்தைச் சுற்றித்தான் எங்கள் இரண்டு வீடுகளும். மலையில் கல்யாணப் பெண் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

சின்ன வயதில் வாணியம்பாடிக்குப் போய், லத்தீஃபா என்பவரின் பார்லரில் தரை துடைக்கச் சேர்ந்தாள். அங்கேயே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அழுக்கு ஸ்பாஞ்சைக் கண்டால் லத்தீஃபா வாயைத் திறந்து திட்டமாட்டாராம். அதை எடுத்து, கழுவாமல் விட்டவளின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாராம்.

அதனால்தானோ என்னவோ, ஒரு கல்யாணம் முடிந்து வந்தால் ஈஸ்வரி அக்காவுக்கு முதல் வேலை கழுவுவதுதான். குழந்தைகளுக்குத் தேய்க்கும் ஷாம்பூவை உள்ளங்கையில் விட்டு, பிரஷ்ஷை அதில் மெல்லச் சுழற்றுவாள். முடி கீழே பார்த்தபடியே இருக்கும். தண்ணீர் காம்புப் பக்கம் ஏறினால் முடியை ஒட்டிய பசை விட்டுப்போய் முடி கொட்டும். ஸ்பாஞ்சை முறுக்கமாட்டாள், நுரை வெள்ளையாக வரும்வரை அமுக்கி அமுக்கி விடுவாள். இதையெல்லாம் எனக்கு அவள் சொன்னதில்லை. என் வாசலிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

முன்பெல்லாம் வீட்டுக்குள்தான் காயவைப்பாள். ஒரு நாள் ஒரு பிரஷ்ஷின் முடி வளைந்திருந்தது.

"எவளோ கை வெச்சிருக்கா," என்று என்னைப் பார்த்தாள். "வூட்டுக்குள்ள வெச்சாதானே திருட்டுக் கை வரும்? வெளிய தொங்கட்டும். எவ வர்றான்னு பாக்கறேன்."

அன்றிலிருந்து களத்து ஓரத்தில் கொடி கட்டி, பிரஷ்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். ஸ்பாஞ்சுகளை ஒரு வலைப்பையில் போட்டுப் பக்கத்தில் மாட்டினாள். காய்ந்து முடியும்வரை வாசற்படியை விட்டு நகரமாட்டாள்.

தை பிறந்து சின்னதம்பி வீட்டுக் கல்யாணம் வந்தது. பெண்ணுக்கு மேக்கப் போட்டது ஈஸ்வரி அக்காதான். மாலை மாற்றும்போதே பெண் கன்னத்தைச் சொறிய ஆரம்பித்தாள். தாலி ஏறும்போது முகம் முழுக்கத் தடித்துப்போய்விட்டது.

பேச்சு பரவ வெகு நேரம் ஆகவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் காவலூரில் ஒரு சாவுக்கு ஈஸ்வரி அக்கா போயிருந்தாள். மேக்கப் பையைத் தோளை விட்டு இறக்காமல் போய் வந்தாள். வீட்டில் வைத்தால் நான் திறந்துவிடுவேன் என்று பயமாம், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பையைப் பார்த்தவர்கள் கதை கட்டிவிட்டார்கள்.

"பொணத்துக்குப் பூசுன பஞ்சாலயே பொண்ணுக்கும் பூசிட்டாளாம்."

எனக்கும் சந்தேகம் வந்தது. சாவு வீட்டுக்கு யாராவது மேக்கப் பையோடு போவார்களா?

அடுத்த கல்யாணம் மங்கம்மாள் மகளுக்கு. மேக்கப் போடச் சந்தவாசலிலிருந்து சசிகலாவை அழைக்கப் போவதாக மங்கம்மாள் சொல்லியனுப்பினாள். அந்தக் கல்யாணம் கைவிட்டுப் போனால் மலையில் வேறு எந்த வீட்டிலும் தன்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று ஈஸ்வரி அக்காவுக்குத் தெரியும். சின்னதம்பி வீட்டில் மருதாணி போட வந்தவளும் அந்தச் சசிகலாதான். 'அவதான் எதையோ கலந்துட்டா' என்று ஈஸ்வரி அக்கா ஒவ்வொரு ஸ்பாஞ்சாக முகர்ந்து பார்த்தாள். எல்லாவற்றையும் மறுபடி கழுவித் தொங்கவிட்டாள்.

நான் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல முகத்தில் துணி கட்டியிருந்தேன். ஆனாலும் கழுத்து அரித்தது. சொறிந்துகொண்டே நிமிர்ந்தேன். உமியும், மேலே பட்டால் அரிக்கும் சுணையும் காற்றில் மிதந்து நேராகக் கொடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. ஈரப் பிரஷ்ஷின் கறுப்பு முடியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

சொன்னால் என்ன கேட்பாளோ என்று முறத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"அக்கா, சாமைச் சொணை பிரஷ்ல ஒக்காருது."

"இன்னாது?"

"காத்து அப்டிதான் அடிக்குது."

எழுந்து வந்தாள். "சின்னதம்பி வூட்டுக் கல்யாணத்துக்கு மொத நாளும் தூத்துனியா?"

"தூத்துனேங்க்கா."

"வேணும்னேவா?"

"காத்த நானா கூட்டியாந்தேன்?"

பெரிய பிரஷ் ஒன்றை அவிழ்த்துத் தன் கழுத்தில் அழுத்தித் தேய்த்தாள். என்னை முறைத்தபடியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. சொறிந்த இடம் சிவந்தது. இத்தனை நாளும் அவள் கண் ஆட்களின் கை மேலேயே இருந்தது, காற்றைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பையையும் என்னையும் இழுத்துக்கொண்டு மங்கம்மாள் வீட்டுக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள்.

"சொணையோ பொணமோ, எவ கண்டா?" என்றாள் மங்கம்மாள். "சாவு வூட்டுக்குப் பையோட போனியா இல்லியா?"

"போனேன் அத்தே. தொறக்கல."

"தொறக்கலன்னு எவ பாத்தா?"

ஈஸ்வரி அக்கா பையைத் திறந்து பிரஷ்களையும் ஸ்பாஞ்சுகளையும் வெளியே எடுத்தாள். மங்கம்மாள் வீட்டுத் தண்ணீரிலேயே ஒன்று விடாமல் கழுவினாள். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்துப் பரப்பினாள். அவள் ஒரு பக்கம் உட்கார்ந்தாள். மங்கம்மாள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். மத்தியானச் சோற்றுக்கும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. நான்தான் இரண்டு தட்டும் கொண்டுபோய் வைத்தேன்.

காய்ந்ததும் மங்கம்மாள் சொன்னாள், "ஒன் மூஞ்சில போட்டுக் காட்டு."

"எனக்குத் தடிச்சாலும் மாவப் பூசி மறச்சிட்டேன்னு சொல்வீங்க. இவளுக்குப் போடறேன். பொய் சொல்ல வாய் வராது இவளுக்கு."

என் முகத்தில் அதுவரை பவுடரைத் தவிர எதுவும் பட்டதில்லை. ஈர ஸ்பாஞ்சு சில்லென்று இருந்தது. பூசி முடித்தபின் தடிக்கிறதா என்று பார்க்க மூவரும் உட்கார்ந்திருந்தோம். பயத்திலேயே எங்கெங்கோ அரிப்பதுபோல இருந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வெயில் சாய்ந்ததும் மங்கம்மாள் என் தாடையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். தண்ணீர் தொட்டு என் கன்னத்தைத் துடைத்துப் பார்த்தாள்.

"தடிக்கல," என்றாள். ஈஸ்வரி அக்கா பக்கம் திரும்பாமலே, "கல்யாணத்தன்னிக்கு விடியறதுக்குள்ள வந்துரு. ஆனா பைய எங்கண்ணு முன்னாடிதான் தொறக்கணும்."

"தொறக்கறேன் அத்தே," என்றாள் ஈஸ்வரி அக்கா, பிரஷ்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் வைத்தபடி. "நீங்களும் தொடக்கூடாது."