பேய் நிக்கட்டும், லாரி நிக்காது

போன வாரம் ஊரப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே, தலையில் மாட்டிக்கொண்டு விளையாடும் ஹெட்செட். இணைய இதழ் நடத்தும் ஒரு பெண் அனுப்பியிருந்தார். பழைய பேய் விளையாட்டு ஒன்றைப் புதுப்பித்து மறுபடி விட்டிருக்கிறார்களாம். நான் விளையாடிப் பார்த்து விமர்சனம் எழுத வேண்டுமாம். "சார், ஒரிஜினலுக்கு அப்பவே ரிவ்யூ எழுதினவர் நீங்க. உங்க கடைசி வரி இன்னும் மீமா சுத்திட்டிருக்கு" என்று குரல்செய்தியில் சொன்னார். மீம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நம்மை மதிக்காதவர்கள் நம்மை மறக்காமலும் இருப்பதற்கு அப்படி ஒரு பெயர்.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஹால் நடுவில் நின்றேன். "கண்ணாஸ்பத்திரில பாதியில அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு வசந்தி துணி காயப்போடப் போனாள். இருபத்தைந்து வருடங்களாக என் மனைவி. என் இலக்கிய முயற்சிகளுக்கு அவள் தரும் அதிகபட்ச ஆதரவு, குறுக்கே வராமல் சுற்றிப் போவது.

விளையாட்டு தொடங்கவில்லை. அதற்குள் மூக்கு வேலை செய்துவிட்டது. ஹெட்செட்டில் முகம் பதியும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். ரெக்ஸின். புது ரெக்ஸினும் பசையும் கலந்த அந்த வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதுக் கார் வாங்கியவர்களும், புதுக் கார் வாங்கியவர்களிடம் லிஃப்ட் கேட்டவர்களும் அறிவார்கள். நான் இரண்டாவது வகை. ஆனால் எனக்கு அது கார் வாசனை இல்லை. தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் முன்பு குடியிருந்த வீட்டின் வாசனை. மாடிவீட்டு ஷமீம் அக்கா வாசனை.

அப்போது ஒரு தமிழ்க் கம்ப்யூட்டர் மாத இதழில் வேலை. எழுத்துப்பிழை பார்ப்பதுதான் என் உத்தியோகம். ஆசிரியர் ஒருநாள், "உன் வூட்ல கம்ப்யூட்டர் கீதுல்ல? கேம்ஸ் பக்கம் இனிமே உன்னுது" என்றார். தகுதித் தேர்வு அவ்வளவுதான். முதலில் வந்தது பாழடைந்த மாளிகையில் நடக்கும் பேய் விளையாட்டு. ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்த என் கம்ப்யூட்டரில் சவுண்ட் கார்டு கிடையாது. இருக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. ஊமைப்படமாக முழு விளையாட்டையும் முடித்துவிட்டு, 'மனத்தை ஒருமுகப்படுத்தும் அமைதியான படைப்பு. தியானம் பழகுவோர்க்கு ஏற்றது' என்று எழுதினேன். குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டார். என் பேச்சைக் கேட்டு, இதயக்கோளாறு உள்ள தன் மாமனார் அருகில் உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரோடு விளையாடினாராம். மாமனார் பிழைத்துக்கொண்டார். கார்டின் தொனியில் அது நல்ல செய்தியா என்று தெரியவில்லை.

பிற்பாடு எலெக்ட்ரிக் ட்ரெயினில் போகும்போது பொத்தான் போனிலும் பேய் விளையாட்டுகள் விளையாடிப் பார்த்து எழுதினேன். திரையில் எள் அளவுக்குப் பேய். அது பாய்ந்து வரும்போது சரியாக வசந்தி போன் செய்வாள். எடுத்தால் விளையாட்டு போய்விடும், எடுக்காவிட்டால் வீடு போய்விடும். கொத்தமல்லி வாங்கிவரச் சொல்லி அந்தப் பேய்களிடமிருந்து என்னை அவள் காப்பாற்றியது பலமுறை. இதையெல்லாம் சொல்லக் காரணம், எனக்கு வீரம் என்று எதுவும் இருந்ததில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்தத்தான்.

கன்சோல் வந்தது இதற்கு நடுவில். டிவியோடு இணைக்கும் சாம்பல் நிறப் பெட்டி. பர்மா பஜாரில் யாரோ கைவைத்துத் திருத்திய சரக்கு. அதோடு வந்த குறுந்தட்டில்தான், இப்போது புதுப்பித்திருக்கும் அந்த விளையாட்டு இருந்தது. கதை எளிமையானது. கைவிடப்பட்ட ஓர் ஆஸ்பத்திரி. ஒரு நர்ஸ். அங்கே காணாமல் போன தன் தங்கை லில்லியைத் தேடி அறை அறையாகப் போகிறாள். கையில் ஒரு துப்பாக்கி, அதற்குப் போதாத குண்டுகள், கொஞ்சம் மருந்து. நடைக்கூடத்தில் சுவர்க்கடிகாரம் தென்பட்டால் அதற்குச் சாவி கொடுக்கலாம். கொடுத்தால் அதுவரை ஆடியது மெமரி கார்டில் பதியும். அடுத்த கடிகாரத்துக்கு முன்னால் செத்தால் மறுபடி முந்தைய கடிகாரம்.

எங்களுக்கு மாடியில் குடியிருந்தவர் ஷமீம் அக்கா. அவர் கணவர் ரஃபீக் பாய் காருக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார். பாதித் தையல் மாடியில் அக்கா கையில்தான். வெட்டிய ரெக்ஸினைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கிய ஒரு பிற்பகலில் எங்கள் வாசலில் நின்றுவிட்டார். வசந்தி வேலைக்குப் போயிருந்தாள். கதவு எப்போதும் திறந்தே இருக்கும். திரையில் நர்ஸ், "லில்லி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"யார தம்பி தேடுது அது?"

"தங்கச்சியக்கா."

"கூடப் பொறந்ததா?"

"ஆமா."

அக்கா வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்தார். "தேடட்டும். நான் இங்கயே தைக்கிறேன்."

மறுநாள் பெரிய கறுப்பு ரெக்ஸின் துண்டோடு வந்து ஜன்னலில் கட்டினார். வெயில் டிவியில் அடித்து இருட்டு தெரியவில்லையாம். பேய்க்கு வேண்டிய இருட்டைச் செய்து கொடுத்துவிட்டு, தெரு பார்க்கும்படி கதவை அகலத் திறந்துவைப்பார். எங்கள் திகில் எல்லாம் இப்படி முறையாக நடந்தது. முட்டைக்காரர்கூட நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தம்மா ஏன் இன்னும் வெளிய வரல?" என்று கேட்டுப் போவார்.

விளையாட்டு முறையை வகுத்தவர் அக்காதான். "சுடாதீங்க தம்பி. ஓடுங்க. குண்டு இருக்கட்டும்." மருந்தையும் தொடவிடமாட்டார். "இன்னும் நடக்குதுல்ல? அப்புறம் இன்னாத்துக்கு மருந்து?" எனக்கும் அது இயல்பாகவே பட்டது. விருந்தாளிக்கென்று வாங்கிய தட்டை விருந்தாளிக்கும் எடுக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். இந்த வகை விளையாட்டை ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் குடத்தை எண்ணி, வாளியை மூடி, லாரித் தண்ணீரில் குடும்பம் நடத்திய தாம்பரத்துக்காரர்களை மனத்தில் வைத்துத்தான் செய்திருக்க வேண்டும். ஒரே குறை, எங்கள் நர்ஸ் பை நிறையக் குண்டும் மருந்தும் வைத்துக்கொண்டு அடிக்கடி செத்தாள். செத்தவள் பையைப் பார்த்து அக்கா திருப்தியோடு சொல்வார்: "எல்லாம் அப்படியே கீது பாருங்க."

ஒருநாள் பேய் ஒன்று நடைக்கூட முனையில் திரும்பி எங்களைப் பார்த்த நேரம், தெருவில் லாரி ஹாரன். அக்கா ஊசியை ரெக்ஸினில் குத்திவிட்டு எழுந்தார்.

"அக்கா, பேய் வருதே."

"பேய் நிக்கட்டும் தம்பி. லாரி நிக்காது. குடத்த எடுங்க."

ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டுப் போனோம். நனைந்த காலோடு திரும்பி வந்தபோது பேய் அதே இடத்தில், அதே மரியாதையோடு காத்திருந்தது.

அக்கா தன் தங்கையைப் பற்றிச் சொன்னது ஒரே ஒருமுறை. தலைநிமிராமல் தைத்துக்கொண்டே, "எனக்கும் ஒண்ணு இருந்துச்சு. வூட்ல ஒரு வார்த்தை வுட்டுட்டோம். கோவிச்சிகினு போய்ட்டா. எங்க கீறான்னு தெரியல" என்றார். நான் கன்சோலின் பொத்தான் கட்டையைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தேன். "இன்னா பாக்குறீங்க? அந்தக் கதவத் தொறங்க" என்றார். அதற்குப்பிறகு நான் கொஞ்சம் ஒழுங்காக விளையாட ஆரம்பித்தேன். லில்லி கிடைத்தாக வேண்டும் என்கிற ஆசை எனக்கும் வந்துவிட்டது.

ரஃபீக் பாய் கடையைப் படப்பைக்கு மாற்றினார். ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்த காலம். சாமான் ஏற்ற டெம்போ வந்து நின்ற பிற்பகலில்தான் எங்கள் நர்ஸ் கடைசிக் கதவுக்கு வந்துசேர்ந்தாள். கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடும் சத்தம். பக்கத்தில் கடிகாரம். சாவி கொடுத்தேன். பதிந்தது. கதவில் கைவைக்கப் போனேன். கரண்ட் போய்விட்டது.

உட்கார்ந்திருந்தோம். விசிறி நின்ற வீட்டில் தெருச்சத்தம் ஒவ்வொன்றாக உள்ளே வந்தது. வாசலிலிருந்து ரஃபீக் பாய், "ஷமீம், டெம்போக்காரன் பேஜார் பண்றான், வா" என்றார். அக்கா இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தார். கரண்ட் வரவில்லை. எழுந்து, ஜன்னலில் கட்டிய ரெக்ஸினை அவிழ்க்கப் போய், வேண்டாமென்று விட்டார்.

"நான் வெள்ளிக்கெழம வர்றேன். நான் இல்லாம தொறந்துறாதீங்க தம்பி."

"தொறக்கமாட்டேன்க்கா."

அமெரிக்கா போனவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்துவிடுவார்கள். படப்பை போனவர்கள் வருவதில்லை. எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிற தூரம் மிகவும் ஆபத்தானது.

இதழ் அச்சுக்குப் போகும் நாள் வந்தது. ஆசிரியர், "முடிவு எப்படிய்யா?" என்றார். தெரியாது என்று காரணத்தையும் சொன்னேன். "அதையே எழுது. ரெண்டு வரி எடம் காலியாத்தான் கீது" என்றார். எழுதினேன்: 'விளையாட்டின் முடிவைப் பற்றிச் சொல்வதற்கில்லை. மாடிவீட்டு அக்கா இன்னும் வரவில்லை.' அதுதான் இப்போது மீம்.

முடிச்சூர் ரோட்டில் வெள்ளம் வந்த வருடம் கன்சோல் நீரில் மூழ்கிச் செத்தது. மெமரி கார்டு பரணில் பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்ததால் பிழைத்தது. அதைப் படிக்கும் இயந்திரம் இன்று என்னிடம் இல்லை. தூக்கிப்போடவும் இல்லை. குண்டு இருக்கட்டும்.

புதிய பதிப்பு ஹெட்செட்டில் ஒரு வாரம் ஓடியது. இதில் நர்ஸ் நானேதான். குனிந்தால் வெள்ளைக் கவுனும், அதற்குள் என் தொப்பை இருக்க வேண்டிய இடத்தில் ஒல்லி இடுப்பும் தெரியும். குண்டுக்குப் பஞ்சமில்லை, தீர்ந்தால் கிரெடிட் கார்டு தேய்த்து வாங்கலாம். வழி தெரியாவிட்டால் அம்புக்குறி வரும். இன்றைய விமர்சகர்கள் திரை மூலையில் சின்னதாகத் தெரியும் முகத்தோடு அலறி அலறி விளையாடுகிறார்கள். பயப்படுவதற்குச் சம்பளம். நான் பயந்ததற்கு வீட்டில் திட்டு மட்டும்தான் வாங்கினேன்.

கடைசிக் கதவு வந்தது. அதே மூச்சுச் சத்தம், இப்போது காதுக்குள்ளேயே. கை நீட்டினேன். நீட்டிய கை நின்றது. ஹெட்செட்டைக் கழற்றி, "ஷமீம் அக்காவை எப்படிப் பிடிக்கறது?" என்று வசந்தியிடம் கேட்டேன்.

"நம்பர் இருக்கே. தினமும் குட்மார்னிங் அனுப்புவாங்க, ரோஜாப்பூ போட்டு."

"எங்கிட்ட சொல்லவேயில்ல?"

"நீ கேக்கவேயில்ல."

போன் செய்தேன். யாரென்று சொன்னதும் அக்கா சிரித்தார். "இன்னா தம்பி, கரண்ட் வந்துச்சா?"

கதவுமுன் நிற்பதைச் சொன்னேன்.

"நான் பாத்துட்டேன் தம்பி. எம் பையன் போன்ல வீடியோ வச்சிக் காட்டுனான். ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருச்சி. கரண்டும் போவல, லாரியும் வரல. ஒரு மாதிரி ஆய்டுச்சு." குரலைத் தாழ்த்தினார். "நீங்க பாக்காம இருப்பீங்கன்னு தெரியும். அதான் வசந்திகிட்டகூட சொல்லல. இப்ப சொல்லட்டா?"

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "அக்கா, சோறு வடிச்சிட்டேன். யார்கிட்ட பேசிகினு கீற?"

"யாருக்கா அது?"

"என் தங்கச்சிதான். வந்து நாலஞ்சு வருசம் ஆவுது. எங்கூடதான் கீது. அத வுடுங்க, கதவுக்குப் பின்னால இன்னா இருந்துச்சின்னு சொல்லட்டா, வேணாவா?"

"வேணாம்க்கா" என்றேன். "இருக்கட்டும்."

"அதானே பாத்தேன்" என்று அக்கா போனை வைத்தார்.

ஹெட்செட் மேஜைமேல் கிடந்தது. ஆட்டம் எங்கே நின்றதோ அங்கே தானாகவே பதிந்திருக்கும். இப்போதெல்லாம் எந்த விளையாட்டிலும் கடிகாரமும் இல்லை, சாவியும் இல்லை. முடிச்சூர் ரோட்டு வீட்டை இடித்து ஐந்து மாடி கட்டிவிட்டார்கள். எங்கள் ஃப்ளாட்டில் கரண்ட் போனால் மூச்சுவிடும் நேரத்துக்குள் ஜெனரேட்டர் வந்துவிடுகிறது. லாரித் தண்ணீர் இருட்டோடு வந்து யாருக்கும் தெரியாமல் தொட்டியில் இறங்கிவிடுகிறது. எதற்காகவும் எதையும் பாதியில் நிறுத்த வேண்டியதில்லை.

விமர்சனத்தை அனுப்பினேன். அந்தப் பெண் உடனே கூப்பிட்டார். "சூப்பர் சார். ஆனா எண்டிங் பத்தி ஒண்ணுமே இல்லியே. அந்த எடத்துல ரெண்டு வரி சும்மா கேப் விட்டிருக்கீங்க?"

"தெரிஞ்சேதான் விட்டேன்மா."

"வெப்ல கேப் நிக்காது சார். அதுவா மேல ஏறி மூடிக்கும்."

மூடிக்கொண்டுவிட்டது. போய்ப் பார்த்தேன். எங்கள் பழைய இதழில் அந்த இரண்டு வரி இடத்தில் ஓர் அக்கா வந்து ரெக்ஸினோடு உட்கார முடிந்தது.