பிளக்கைப் பிடுங்குபவர்

மருத்துவமனைக்கு வந்த புதுக் கணினி டிஸ்க்கில் மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார். திரை கறுத்துப்போகிறது. கணக்குப் பிரிவு அம்மாள் நெஞ்சில் கை வைக்கிறார்.

"ஐயோ சார், இந்த மாசத்து பில்லெல்லாம் இப்பத்தான் ஏத்தினேன்!"

"இருக்கட்டும்மா. போறதா இருந்தா நான் இருக்கும்போதே போகட்டும்."

நிதானமாகப் பிளக்கை மறுபடி செருகுகிறார். "எந்திரிடா ராசா" என்று பெட்டியின் தலையில் தட்டுகிறார். திரையில் ஓடும் வரிகளை உதடு அசைத்துப் படிக்கிறார். எதிர்பார்த்த வரி வந்ததும் முகம் இளகுகிறது. "ம், சொல்லிட்டுத்தான் போயிருக்கான்." பில்கள் பத்திரமாக இருக்கின்றன. கணக்கம்மாள் மட்டும் அன்று முழுக்க அவரோடு பேசுவதில்லை.

அந்த மருத்துவமனையின் கணினிகளுக்கெல்லாம் காவல் அவர்தான். எல்லோருக்கும் அவர் பிளக் சார்; நேருக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். கணினி அறையின் குளிருக்கு, முழங்கையில் நூல் பிரிந்த ஒரு ஸ்வெட்டர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஸ்க்ரூ டிரைவர். கையெழுத்துப் போட அடுத்தவரிடம்தான் பேனா கேட்பார், திருப்பித் தரவும் மறந்துவிடுவார்.

அவர் வாயில் ஓயாமல் வரும் அந்த ஜர்னல் என்றால் என்ன என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"வீட்டை விட்டுக் கிளம்புறோம். 'கடைக்குப் போறேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா, வழியில என்ன ஆனாலும் எங்க தேடணும்னு வீட்ல தெரியும். டிஸ்க்கும் அப்படித்தான். எழுதுறதுக்கு முன்னாடி, 'இதை எழுதப் போறேன்'னு ஒரு ஓரத்துல குறிச்சு வெச்சுட்டு எழுதணும். நடுவுல கரண்ட் போனாலும் வந்ததும் அதைப் பாத்து சரி பண்ணிக்கும். சொல்லாமப் போனவனை எங்கன்னு போயித் தேடுறது?"

அந்த வசதியைக் கெர்னலில், அதாவது கணினியின் மற்ற எல்லா வேலைகளுக்கும் அடியில் கிடக்கும் அந்த மூல நிரலில், முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும். கெர்னலைத் தன் கையாலேயே தயார் செய்வதில் அவருக்குத் தீராத ஆசை. இது வேண்டுமா, அது வேண்டுமா என்று திரையில் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். "வேணும். வேணாம். இது எதுக்கு, தண்டச்சோறு" என்று கழித்துக்கட்டிக்கொண்டே போவார். மருத்துவமனையில் எதைக் கழித்தாலும் பிறகு பிளக்கைப் பிடுங்கிப் பார்க்காமல் விடமாட்டார்.

வீட்டில் அந்த ஒரு முறை பிடுங்கிப் பார்க்கவில்லை.

அவர் மனைவிக்குத் தொண்டையில் கட்டி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குமுன் அவள் குரலைப் பதிந்து வைத்துவிட வேண்டும். வீட்டில் இருந்ததோ ஒரு கிழட்டுக் கணினி. பதியும்போது திக்கித் திணறியது. அதை இளைக்க வைக்க, ஒரே மூச்சில் ஒரு சின்னக் கெர்னலைத் தயார் செய்தார். கழித்ததோடு கழித்ததாக, ஜர்னல் எழுதும் வசதியும் போயிற்று. டிஸ்க்கைக் கையாள மிச்சம் இருந்த பழைய வசதியும் அதைப் படிக்கும், அதில் எழுதும். ஜர்னலை மட்டும் தொடாது. அதனால் கணினி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. மனைவி மைக்கின் முன் காத்திருந்தாள். நம் வீட்டுப் பெட்டிதானே என்று விட்டுவிட்டார்.

அவள் என்னென்னவோ பேசினாள். வெளியூரில் இருக்கும் மகளைச் செல்லப் பெயர்களில் கூப்பிட்டாள். தொலைபேசியை எடுத்ததுபோல ஹலோ சொன்னாள். "திட்டையும் சேத்துப் பதியணும், இல்லாட்டி உங்களுக்குப் பொழுது போகாது" என்று அவரை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்தாள்.

எல்லாவற்றையும் இன்னொரு நகல் எடுக்கச் சொல்லிக் கணினியை ஓடவிட்டுத்தான் அறுவை சிகிச்சைக்குக் கிளம்பினார்கள். அவர்கள் இல்லாதபோது மின்சாரம் போயிருக்கிறது, வந்திருக்கிறது, டிஸ்க் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் பார்த்து மறுபடி போயிருக்கிறது. கழுத்தில் கட்டோடு அவளைக் கூட்டி வந்து, படுக்க வைத்து, கணினியைப் போட்டுப் பார்த்தார். கோப்புகள் பெயரில்லாத துண்டுகளாகச் சிதறிக் கிடந்தன. இன்னொரு தடவை பேசு என்று அவளிடம் சொல்ல இனி வழியில்லை.

தவறு தன்னுடையதுதான் என்று அன்றே சொல்லிவிட்டார். அவள் கையை அசைத்தாள், விடுங்க என்பதுபோல. அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் சொல்கிறார்.

இப்போது வீட்டில் அவரைக் கூப்பிட அவள் டம்ளரில் கரண்டியால் தட்டுகிறாள். விடுமுறை நாட்களில் காலைச் சாப்பாடு முடிந்ததும் அவர் அந்த டிஸ்க்கோடு உட்கார்ந்துவிடுகிறார். துண்டுகளை ஒவ்வொன்றாக ஒலியாக்கிக் கேட்கிறார். பெரும்பாலும் இரைச்சல்தான். இத்தனை நாளில் உருப்படியாகக் கிடைத்தது ஒரே ஒரு துண்டு. பதிவின் தொடக்கம் அது, அவள் மைக்கைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு கேட்டது: "என்னங்க... ஓடுதா இது?" அதற்குப் பிறகு இரைச்சல். அன்றைக்கு, தன் குரல் பதிவில் விழுந்துவிடக் கூடாதென்று, அவர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

தேடி அலுத்துப்போகும்போதெல்லாம் அந்தத் துண்டுக்கே திரும்பி வருகிறார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். ஹெட்போன் அவர் காதில் இருப்பதால் அவளுக்கு எதுவும் கேட்பதில்லை. ஆனால் எந்த இடம் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்க்கிறாள். அவர் வாயைத் திறக்காமல், திரையைப் பார்த்து, ஓடுது, நீ பேசு என்று தலையை ஆட்டுகிறார்.