நடுவிரலில் போட்ட நீலக்கல்

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பேங்க் சலானும், மகளின் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டரும்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்கு வியர்த்துவிடும். ராசிக்கல்லைப் பற்றிப் படித்தவர்கள், விற்பவர்கள், பலன் சொல்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கையில் நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடியாமல் போனதை எழுதியாவது வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் அறந்தாங்கிக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் பதினேழு வருஷமாகக் குவைத்தில் சாரம் கட்டும் வேலை பார்க்கிறார். கட்டடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு இரும்புக் குழாய்களைப் பூட்டிக்கொண்டே மேலே போகிற வேலை. போன வருஷம் மட்டும் இரண்டு தடவை தப்பினார். முதல் தடவை காலுக்கடியில் பலகை விலகி, இடுப்பு பெல்ட்டில் தொங்கிக்கொண்டு நின்றார். இரண்டாம் தடவை மேலேயிருந்து குழாயைப் பூட்டுகிற கிளாம்ப் ஒன்று விழுந்து தோளை உரசிக்கொண்டு போனது.

இரண்டையும் வீடியோ காலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "என் தலையில விழுந்திருந்தா கிளாம்புதான் வளைஞ்சிருக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து போன் அடித்தால் இரண்டாம் மணிக்குள் ஓடிப் போய் எடுப்பேன். இரண்டு நடந்துவிட்டது, மூன்றாவது எங்கே நிற்கிறதோ என்று நினைப்பேன். சோறு வடிக்கும்போதும் அந்த நினைப்புத்தான். அப்படித்தான் அவருக்கு ஒரு ராசிக்கல் மோதிரம் போட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

கடைவீதியில் மாடியில் இருந்த ராசிக்கல் கடைக்குப் போனேன். படி ஏறி, இறங்கி, மறுபடி ஏறித்தான் உள்ளே நுழைந்தேன். சுவரில் இரண்டு அட்டைகள் மாட்டியிருந்தார்கள். ஒன்றில் பன்னிரண்டு ராசிக்கும் கற்கள். சிம்மத்துக்கு மாணிக்கம், மேஷத்துக்குப் பவளம், மிதுனத்துக்கு மரகதம் என்று படத்தோடு போட்டிருந்தது. இன்னொன்றில் இங்கிலீஷ் மாதத்துக்கு ஒரு கல். ஜூன் மாதத்துக்கு முத்து.

கடைக்காரர் என் வீட்டுக்காரரின் ராசி கேட்டார். எனக்குத் தெரியாது. அவருக்கு ஜாதகம் எழுதவில்லை. எங்கள் கல்யாணமும் பொருத்தம் பார்க்காமல் கோயிலில் பூக் கட்டிப் பார்த்து நடந்ததுதான்.

"பொறந்த தேதியாவது தெரியுமாங்க?"

போனில் பாஸ்போர்ட் படம் இருந்தது. காட்டினேன். ஜூன் முதல் தேதி.

"நேரம்?"

"தெரியலைங்க."

"சரி, சூரிய உதயம்னு போட்டுக்கிறேன்" என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் தட்டினார். இரண்டு நிமிஷத்தில் மகர ராசி என்று வந்தது. சனி வீடு, கல் நீலம்.

எனக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. நீலம் பொல்லாத கல் என்று யார் வாயிலோ கேட்டிருக்கிறேன். சுவரைக் காட்டி, "ஜூன் மாசத்துக்கு முத்துன்னு போட்டிருக்கேங்க. அது போதாதா?" என்றேன். முத்து பார்க்கச் சாதுவாக இருந்தது.

"அது வெள்ளக்காரன் கணக்கும்மா. காலேஜ் புள்ளைகளுக்குச் செயின்ல கோத்துக் குடுக்க மாட்டி வச்சிருக்கேன். நீங்க காப்பாத்துறதுக்குல்ல கேக்குறீங்க?"

முத்தை விட்டுவிட்டு நீலத்தைக் காட்டச் சொன்னேன்.

அவர் ஒரு சின்னக் காகிதத்தைப் பிரித்து, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக மூன்று நாலு கல், பட்டாணி அளவில் ஒரு கல் என்று வெள்ளைத் துணியில் வைத்தார். பட்டாணி அளவுக் கல்லை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே கீறலோ கறுப்புப் புள்ளியோ இருக்கக் கூடாது என்றார். மோதிரம் வெள்ளியில் செய்ய வேண்டும், கல்லின் அடிப்பக்கம் தோலில் படுகிற மாதிரி திறந்திருக்க வேண்டும், சனிக்கிழமை காலையில் நடுவிரலில் போட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் குரலைத் தணித்தார்.

"நீலத்த மட்டும் சும்மா போடக் கூடாதுங்க. ஒத்துக்கிட்டா அள்ளிக் குடுக்கும். ஒத்துக்கலைன்னா கையக் கால ஒடைச்சுத்தான் விடும். மூணு நாள் ஒடம்புல கட்டிச் சோதிச்சுப் பாக்கணும். கெட்ட கனவு, சண்ட, அடிபடுறது, இப்புடி எது வந்தாலும் திருப்பிக் குடுத்துருங்க. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

"அவுக குவைத்துல இருக்காகளே."

"பொண்டாட்டி பாதி ஒடம்புங்க. நீங்க கட்டிக்கிட்டாலும் அதுதான்."

அந்தக் கல்லை மஞ்சள் துணியில் முடிந்து இடது கைப் புஜத்தில் கட்டிக்கொண்டு வந்தேன். அந்த மூன்று நாளும் நான் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பால் பொங்கினால் இதுதானோ என்பேன். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் முகம் கொடுக்காமல் போனால், இது சண்டையில் சேர்த்தியா என்று யோசிப்பேன்.

இரண்டாம் நாள் தண்ணீர்த் தொட்டியடியில் வழுக்கி விழுந்தேன். முழங்கால் தோல் பெயர்ந்தது. பாசி பிடித்த இடம், யார் கால் வைத்தாலும் வழுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் கல்லோடு கடைக்குப் போக, கடைக்காரர், "ஏதாவது தெரிஞ்சுச்சா?" என்று கேட்டபோது, "ஒண்ணும் இல்லைங்க" என்றேன். அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. திரும்பவும் முதலிலிருந்து ஒரு கல் தேட எனக்குத் தைரியமில்லை என்று நினைக்கிறேன். ஏதாவது ஒன்று சீக்கிரம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

குவைத்தில் அவருடைய அறையில் தங்கியிருக்கும் ஒருவர் லீவு முடிந்து திங்கட்கிழமை கிளம்பினார். கடையில் செய்து வாங்கிய மோதிரத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன். வேலையாட்கள் தங்கும் வேறு கேம்ப்பில் சாமான் இறக்கிவிட்டு, வெள்ளிக்கிழமைதான் அறைக்குப் போவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா, இரண்டு மூன்று நாள் தங்கிப் போக எங்கள் வீட்டுக்கு வந்தார். வல்லத்திராக்கோட்டையில் கட்டிக்கொடுத்தது. கீரை ஆய்ந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தோம். மோதிரம் அனுப்பியதைச் சொன்னேன்.

"ராசியில்லாத பயலுக்கு எப்புடித்தா ராசி கண்டுபுடிச்ச?" என்றார்.

"பாஸ்போர்ட் தேதிய வச்சுத்தான் மதினி."

நாத்தனார் கீரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "அது வாத்தியார் பெத்த தேதியாச்சே. அந்த வருசம் பள்ளிக்கூடத்துல புள்ள சேரலைன்னு பெரிய வாத்தியாரு தெருவுல வந்து நின்னாரு. இவனுக்கு அஞ்சு வயசு முடியல. கைய தலைக்கு மேல போட்டுக் காதத் தொடச் சொன்னாரு, எட்டல. எட்டாட்டி என்ன, வாடான்னு தரதரன்னு கூட்டிட்டுப் போயி, ஜூன் ஒண்ணுன்னு எழுதிக்கிட்டாரு. எங்க தெருவுல ஏழு பயலுகளுக்கும் ஒரே நாள்ல பொறந்தநாளு. ஊர்ல அன்னைக்கு ஆசுபத்திரியில எடம் கெடச்சிருக்குமா, நீயே சொல்லு."

"அப்ப எப்பதான் பொறந்தாக?"

"தையில. கதிரறுப்புக்குப் போன எங்காத்தா வரப்புலருந்து பாதியில வந்துச்சு. அது நல்லா ஞாபகம் இருக்கு. தேதி யாரு கண்டா?"

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்தில் என் தேதியையும் அப்படித்தான் போட்டார்கள். எங்கள் வயசுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள். இது தெரிந்திருந்தும், கடையில் பாஸ்போர்ட்டை நீட்டியபோது எனக்கு நினைவுக்கு வரவில்லை. சர்க்கார் முத்திரை இருந்தால் அது உண்மை என்று மனசு நம்பிவிடுகிறது.

யாருக்கோ உரிய கல் என் வீட்டுக்காரர் கையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் காயம் அப்போதுதான் பக்குக் கட்டியிருந்தது. அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. கல் எனக்குச் சொல்லிவிட்டது, நான்தான் மறைத்தேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. மதியம் அவரே கூப்பிட்டார். அறையில் ஆறு பேர் இருந்தார்கள். மோதிரப் பெட்டியைத் திறந்து கேமராவில் காட்டினார்.

"அண்ணிக்கு அண்ணன் மேல இம்புட்டுப் பாசமா" என்று ஒரு குரல் வந்தது. "எங்களுக்கெல்லாம் ஊர்லருந்து ஊறுகாதான் வருது" என்றது இன்னொன்று. அவர் முகமெல்லாம் சிரிப்பு. "நாளைக்குச் சனிக்கிழமைல்ல, காலையில போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போவேன்" என்றார்.

"ஏங்க" என்று ஆரம்பித்தேன். ஆறு பேரும் கேமரா பக்கம் திரும்பினார்கள். "சாப்பிட்டீகளா?" என்று கேட்டு முடித்துவிட்டேன்.

கூச்சம் மட்டும் காரணம் இல்லை. சொன்னால் அவர் மனசிலும் பயம் ஏறும். அவ்வளவு உயரத்தில் நிற்கிறவருக்கு அதைவிடக் கெடுதல் வேறு வேண்டுமா. சொல்லாவிட்டால் கல். சொன்னால் பயம். எது அவரைக் கீழே தள்ளும் என்று எனக்குப் புரியவில்லை. போனில் எழுதி எழுதி அழித்தேன். அழித்து முடிப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. காலையில் அவர் அனுப்பிய படத்தில் மோதிரம் நடுவிரலில் இருந்தது.

அன்று மறுபடி கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் கடைக்காரர் முகம் மாறியது.

"தேதி நீங்கதாங்க சொன்னீங்க."

"ஆமாங்க. தையில பொறந்தாகன்னா எந்தக் கல்லுங்க?"

"தை மாசத்துல முப்பது நாளு இருக்கு. ரெண்டேகால் நாளைக்கு ஒரு ராசி மாறும். எதன்னு சொல்ல?" கம்ப்யூட்டர் பக்கம் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். "மொதல்ல அதக் கழட்டச் சொல்லுங்க. மத்தத அப்பறம் பாப்போம்."

அவர் சமாதானம் சொல்வார் என்றுதான் போயிருந்தேன். விற்றவரே பயந்துவிட்டார். பஸ்ஸில் ஏறினேன். அங்கே இப்போது மணி என்ன, எந்தத் தட்டில் நிற்கிறார் என்றே எண்ணிக்கொண்டு வந்தேன்.

விளக்கு வைத்த பிறகு, அவர் வேலை முடிந்து வரும் நேரத்தில் நானே கூப்பிட்டேன். கேம்ப் வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, அந்த மோதிரத்தக் கழட்டிருங்க."

"ஏன்?"

"தேதி தப்பு. நீங்க தையில பொறந்தீகன்னு மதினி சொன்னாக. அந்தக் கல்லு ஒங்களுக்கு ஆகுமான்னே தெரியல. நான் கட்டியிருந்தப்ப கீழ விழுந்தேன். கடைக்காரர்ட்ட சொல்லாம மறைச்சிட்டேன்."

அவர் போனை மற்றக் கைக்கு மாற்றினார்.

"கழட்ட வரலை புள்ள" என்றார். "காலையில எண்ணெய் போட்டுத்தான் எறக்குனேன். இப்ப சோப்புப் போட்டும் பாத்துட்டேன்." கையைக் காட்டினார். மோதிரத்துக்கு இரண்டு பக்கமும் விரல் வீங்கிச் சிவந்திருந்தது.

தப்பு அதிலும் என்னுடையதுதான். அளவுக்கு நான் கடையில் கொடுத்தது அவருடைய கல்யாண மோதிரம். அது மோதிர விரலுக்கு, அதுவும் இருபது வருஷத்துக்கு முந்திய விரலுக்குச் செய்தது. நீலம் போட வேண்டியது நடுவிரலில். அளவு கேட்ட நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

"இன்னைக்கு மேல நிக்கும்போது இது கிளாம்புல மாட்டிக்கிச்சு" என்றார். "கைய எடுக்க முடியல. கீழ பாத்தேன். அப்பறம் எப்புடியோ வந்துருச்சு."

"பயந்துட்டீகளா?"

பதினேழு வருஷத்தில் நான் அதை அவரிடம் கேட்டதில்லை.

"பயந்தேன்" என்றார். "எப்பவுமே பயந்துக்கிட்டுத்தான் ஏறுறேன். கல்லு இருந்தாலும் பயந்தான், இல்லாட்டியும் பயந்தான். ஒன்ட்ட சிரிச்சுச் சொல்லலைன்னா நீ சோறு திங்க மாட்ட."

கல்லுக்குப் பயந்துகொண்டிருந்த எனக்கு அதற்குப் பின்னால் இருந்த அந்த உயரம் முழுசாகத் தெரிந்த மாதிரி இருந்தது. பயம் குறையவில்லை. இன்னும் பெரிதாகத்தான் ஆனது. ஆனால் அதுவரை நான் மட்டும் வைத்திருந்தேன் என்று நினைத்த பயம் அவரிடமும் இருந்தது.

"நாளைக்கு அதோட ஏறாதீங்க" என்றேன்.

"சூப்பர்வைசர் சம்பளத்த வெட்டுவான்."

"வெட்டட்டும். ஏறாதீங்க."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நாத்தனார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார். "போன வைக்காத. கொஞ்ச நேரம் இரு."

இருந்தேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. கேம்ப் கம்பவுண்டர் சின்ன ரம்பத்தால் மோதிரத்தை இரண்டாக வெட்டி எடுத்தார். விரலில் இரண்டு தையல். ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள். நாத்தனார் காலை பஸ்ஸில் வல்லத்திராக்கோட்டைக்குப் போய்விட்டார்.