ஐந்தாவது இழை

பூவின் குழலைக் கட்டைவிரல் நகத்தால் நீளவாக்கில் கிழிக்கிறார் லாவெர்ன். ஊதாப் பூ இரண்டாக விரிகிறது. ஷூ கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பூவை அதனருகே உயர்த்துகிறார். குனிவதில்லை. "பூவுக்கு முதுகுவலி கிடையாது" என்பார்.

பென்ஸ்டெமன் பூவுக்குள் ஐந்து இழைகள். நான்கில் மகரந்தம் இருக்கும். ஐந்தாவது மலட்டு இழை. அதன்மேல் மஞ்சளாக முடி முளைத்திருக்கும். அதனால் நெவாடாவில் எங்கள் பக்கத்தில் இந்தப் பூவுக்கே தாடிநாக்கு என்று பெயர். நாக்கு முழுக்கத் தாடி இருந்தால் எங்கும் காண்கிற சாதாரண ரகம். நுனியில் மட்டும் இருந்தால் வேறு ரகமாக இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' என்பதுதான் லாவெர்னின் இருபத்திரண்டு வருடச் சண்டை.

அந்த அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் காலிப் பேருந்து சாலையோரம் நின்றால், பஞ்சரா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. "ரோட்டப் பாத்து ஓட்டத்தான் சம்பளம் குடுக்கறாங்க, லாவெர்ன்" என்று டிப்போவில் உடன் வேலை செய்யும் டெல்பர்ட் சீண்டுவார். "ரோடு எங்கயும் ஓடிப்போகாது. பூ பத்து நாள்தான் இருக்கும், போய்யா."

லாவெர்ன் வீட்டில் நான்கு நாற்காலிகள். மூன்றின் மேல் செடிகளை அழுத்தி வைத்த செய்தித்தாள் கட்டுகள். யாராவது போனால் நின்றுகொண்டே காபி குடிக்க வேண்டும். யாரும் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி மட்டும் அடிக்கும். தொண்ணூறு மைல் தள்ளி வசித்த கெண்டல், தண்ணீர் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சாம்பல் குன்றில் பூப்பது தனி ரகம் என்பது அவர் கட்சி. மழை போதாமல் முடி கொட்டிப்போன சாதாரண ரகம்தான் என்பது லாவெர்னின் கட்சி. "கண்ணாடிய மாத்து, லாவெர்ன்." "ஒரு வருஷம் நல்லா மழை பெய்யட்டும், அன்னிக்குப் பேசு."

இந்தச் சண்டைக்கு எழுத்துச் சாட்சியும் உண்டு. ஊர்க் கல்லூரியில் உலர்த்திய செடிகளை வைக்கும் அறையில் அந்தக் குன்றின் செடி ஒரு தாளில் ஒட்டப்பட்டிருக்கிறது. அங்கே பழைய பெயர்ச்சீட்டைக் கிழிக்கக் கூடாது. மறுப்பவர் தன் முடிவையும் பெயரையும் தேதியையும் எழுதிப் புதுச் சீட்டாகக் கீழே ஒட்ட வேண்டும். கெண்டல், லாவெர்ன், கெண்டல், லாவெர்ன் என்று மாறி மாறி ஆறு சீட்டுகள். கடைசிச் சீட்டு லாவெர்னுடையது. கெண்டல் பிப்ரவரியில் இறந்துபோனார்.

இந்த வருடம் மே மாதம் முழுக்க மழை.

ஆறு வருடம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வந்தவள் நான். யார் வண்டி ஊரைவிட்டுக் கிளம்பினாலும் ஏறிவிடுவேன். ஜூன் முதல் சனிக்கிழமை லாவெர்னின் பிக்கப் வண்டியில் ஏறினேன். குன்றில் செடிகள் முழங்கால் உயரம். பூக்கள் கட்டைவிரல் பருமன். அவர் கிழித்தார், நான் நோட்டில் குறித்தேன்.

"நுனி மட்டும்."

"நுனி மட்டும்."

இருபதாவது பூவில் பேனாவை நிறுத்தினேன். "இவ்வளவு மழைக்கப்புறமும் நுனிதான்னா, கெண்டல் சொன்னதுதான் சரியா?"

"உன்ன எழுதச் சொன்னேன், பொண்ணே. தீர்ப்புச் சொல்லச் சொல்லல."

நாற்பதாவது பூவையும் கிழித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வெள்ளை மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எருமை," என்றார். "இன்னும் நாலு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா அவன்?"

என்னிடம் இருந்த டூனா சாண்ட்விச்சைப் பாதி நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போடலாமே?"

"போடலாம். 'நன்றி'ன்னு பதில் வரும். இந்தக் குன்றுல முடி எந்த இடத்துல முளைக்குதுன்னு கவலைப்பட்டவங்க உலகத்துலயே ரெண்டு பேரு. நான் தோத்தேன்னு சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கவாவது ஒருத்தன் வேணாமா?"

திங்களன்று பேருந்தை நிறுத்திவிட்டுக் கல்லூரி அறைக்குப் போனார். நானும் போனேன். தாளை எடுத்து விரித்தார். சின்னச் சீட்டில் கெண்டல் சொன்ன ரகத்தின் பெயரை எழுதி, கீழே தன் பெயரையும் தேதியையும் போட்டார். பின்புறம் பசை தடவினார். தன் கடைசிச் சீட்டுக்கு நேர் கீழே கொண்டுபோனவர், கையை நிறுத்தினார். பிறகு நடுவே கெண்டலின் சீட்டு ஒன்று கொள்ளும் அளவுக்கு வெறும் தாளை விட்டுவிட்டு, அதற்கும் கீழே ஒட்டி, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தினார்.